89 ஓட்டுகள்: மஞ்சேஸ்வரம் தொகுதியின் தேர்தல் வரலாறும் நம் மஹல்லாவின் கடமையும்

 

வாக்காளர் பட்டியல் திருத்த முகாம் நடக்கும்போதெல்லாம் நம் மக்களிடம் இரண்டு பேச்சுகளைக் கேட்கிறோம். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பது ஒன்று. "வாப்பா மவ்த்தாகி நாலு வருஷம் ஆகிறது. லிஸ்டில் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது மற்றொன்று. இரண்டும் சாதாரணப் பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் இந்த இரண்டு பேச்சும் ஒரு தொகுதியை எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்பதற்குக் கேரளத்தின் வடகோடியில் உள்ள மஞ்சேஸ்வரம் சட்டமன்றத் தொகுதி ஒரு பாடம். அத்தொகுதியின் வரலாற்றை நம் வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் இரண்டு விளக்கம். முதலாவது, யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்வது நம் அறக்கட்டளையின் வேலை அல்ல. இக்கட்டுரையிலும் அது இல்லை. இரண்டாவது, மஞ்சேஸ்வரத்தையும் மஞ்சேரியையும் பலர் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது மலப்புறம் பக்கத்து மஞ்சேரி. நாம் பேசப்போவது காசர்கோடு மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, மங்களூருக்கு அருகில் உள்ள மஞ்சேஸ்வரம்.

ஊரும் மொழிகளும்

மஞ்சேஸ்வரம் கேரள சட்டமன்றத்தின் முதலாம் எண் தொகுதி. மஞ்சேஸ்வரம், வொர்க்காடி, மீஞ்ச, மங்கல்பாடி, பைவளிகே, புத்திகே, எண்மகஜே, கும்பளா ஆகிய எட்டு ஊராட்சிகள் இதில் அடங்கும். மலையாளம், கன்னடம், துளு, கொங்கணி, பியாரி, மராத்தி, உருது என ஏழு மொழிகள் பேசப்படும் பகுதி என்று காசர்கோட்டைப் பெருமையாகச் சொல்வார்கள். இவற்றில் பியாரி, இக்கடற்கரையில் வாழும் நம் முஸ்லிம் சகோதரர்களின் தாய்மொழி.

இந்தப் பகுதிக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை காசர்கோடு, தென்கன்னட மாவட்டத்தின் ஒரு பகுதியாகச் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. மஞ்சேஸ்வரத்தில் வாழ்ந்த கன்னடக் கவிஞர் எம். கோவிந்த பைக்கு 1949-இல் ராஷ்டிரகவி பட்டம் அளித்ததும் அன்றைய சென்னை அரசே. மாநிலப் பிரிவினையின்போது தென்கன்னடத்தின் பெரும்பகுதி மைசூர் மாநிலத்துக்குப் போக, காசர்கோடு மட்டும் கேரளத்துடன் சேர்ந்தது. அந்த முடிவை அங்கிருந்த கன்னட மக்களில் பலர் ஏற்கவில்லை. தொகுதியின் முதல் பதினைந்து ஆண்டு அரசியல் இந்த மனக்குறையைச் சுற்றியே நடந்தது.

ஓட்டே பதிவாகாத முதல் தேர்தல்

கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல் 1957-இல் நடந்தது. அத்தேர்தலில் மஞ்சேஸ்வரத்தில் சுயேச்சையாக நின்ற எம். உமேஷ் ராவ் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதாவது, பிற்காலத்தில் ஒவ்வொரு ஓட்டுக்கும் வழக்காடிய இத்தொகுதி, முதல் தேர்தலில் ஒரு ஓட்டுக்கூடப் போடாமல் தன் உறுப்பினரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி வைத்தது.

1960-இலும் 1967-இலும் கே. மகாபல பண்டாரி வெற்றி பெற்றார். காசர்கோட்டைக் கர்நாடகத்துடன் இணைக்க வேண்டும் என்று குரல் கொடுத்த கர்நாடக சமிதியின் தலைவர்களில் அவர் ஒருவர். 1967-இல் அறிக்கை தந்த மகாஜன் கமிஷனும் காசர்கோட்டின் வடபகுதியை மைசூர் மாநிலத்துடன் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. காலம் செல்லச் செல்ல மொழிப் பிரச்சினை பின்னுக்குப் போயிற்று. நிலம், விவசாயம், கூலி ஆகியவை முன்னுக்கு வந்தன.

1970-இலும் 1977-இலும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் எம். ராமப்பா வென்றார். 1980-இலும் 1982-இலும் அதே கட்சியின் டாக்டர் ஏ. சுப்பா ராவ் வென்றார்; 1980-இல் அமைந்த நாயனார் அமைச்சரவையில் அவர் அமைச்சராகவும் இருந்தார். ஆக, முதல் முப்பது ஆண்டுகளில் இத்தொகுதி மொழி உணர்வாளர்களிடமிருந்து இடதுசாரிகளின் கைக்கு மாறியது.

1987 முதல் மும்முனைப் போட்டி

1987-இல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் செர்க்களம் அப்துல்லா முதன்முறையாக வென்றார். அதைத் தொடர்ந்து 1991, 1996, 2001 என நான்கு தேர்தல்களில் அவரே உறுப்பினர். 2001-இல் ஏ.கே. அந்தோணி அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார்.

இந்தக் காலத்தில்தான் தொகுதியின் இன்றைய முகம் உருவானது. 1987-க்குப் பிறகு பாரதிய ஜனதா கட்சி இங்கே தொடர்ந்து இரண்டாம் இடத்தைப் பிடித்து வருகிறது. 1991-இல் அக்கட்சியின் கே.ஜி. மாரார் 1,072 ஓட்டுகளில்தான் தோற்றார். மூன்றாவது அணியாக இடதுசாரிகளும் வலுவாகவே இருக்கிறார்கள். கேரளத்தின் பெரும்பாலான தொகுதிகளில் இரண்டு அணிகளுக்கிடையே போட்டி நடக்க, இங்கே மூன்று அணிகளும் பல்லாயிரம் ஓட்டுகளை வைத்திருக்கின்றன.

யாருக்கும் இத்தொகுதி பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல என்பதை 2006 காட்டியது. அமைச்சராக இருந்தவர், நான்கு முறை வென்றவர் என்ற நிலையில் போட்டியிட்ட செர்க்களம் அப்துல்லா மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மார்க்சிஸ்ட் கட்சியின் சி.எச். குஞ்ஞம்பு 4,829 ஓட்டுகள் வித்தியாசத்தில் பா.ஜ.க. வேட்பாளரை வென்றார்.

2011-இல் லீக் மீண்டும் வந்தது. பி.பி. அப்துல் ரசாக் 49,817 ஓட்டுகள் பெற்றார். பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் 43,989, குஞ்ஞம்பு 35,067. வித்தியாசம் 5,828. இந்த மூன்று எண்களையும் கூட்டிப் பாருங்கள்: வென்றவர் நூற்றுக்கு நாற்பது ஓட்டைக்கூட எட்டவில்லை. 2016-இலும் 2021-இலும் இதே நிலைதான். மூன்று பேர் பங்கிடும் இடத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான கோடு மிக மெல்லியதாகிவிடும். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதாக முடியும் என்பதை அடுத்த தேர்தல் காட்டியது.

2016: எண்பத்தொன்பது

2016 தேர்தலில் அதே மூவர் மீண்டும் மோதினார்கள். முடிவு இப்படி இருந்தது:

பி.பி. அப்துல் ரசாக் (முஸ்லிம் லீக்): 56,870
கே. சுரேந்திரன் (பா.ஜ.க.): 56,781
சி.எச். குஞ்ஞம்பு (மார்க்சிஸ்ட்): 42,565

வித்தியாசம் 89. மூவரும் பெற்ற ஓட்டுகள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். தொகுதியில் ஏறத்தாழ 200 வாக்குச்சாவடிகள். அப்படியானால் ஒரு சாவடிக்கு அரை ஓட்டு என்ற கணக்குக்கூட வரவில்லை. 45 பேர் மட்டும் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். நாற்பத்தைந்து பேர் என்பது ஒரு சின்னப் பள்ளிவாசலில் சுப்ஹு தொழுகைக்கு வரும் இரண்டு ஸஃப்புதான்.

அத்தேர்தலில்தான் கேரளத்தில் முதன்முறையாக பா.ஜ.க. ஒரு சட்டமன்றத் தொகுதியை வென்றது; திருவனந்தபுரம் பக்கத்து நேமம் அது. மஞ்சேஸ்வரம் அக்கட்சியின் இரண்டாவது தொகுதியாகாமல் போனது 89 ஓட்டில். சுரேந்திரன் என்ற பெயரை ஒத்த பெயருடைய வேறொரு வேட்பாளர் அத்தேர்தலில் 467 ஓட்டுகள் பெற்றிருந்தார் என்பதும் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. வித்தியாசம் ஐயாயிரமாக இருந்திருந்தால் அந்த 467-ஐ யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 89 என்றானபோது ஒவ்வொரு சின்ன எண்ணும் பெரிதாகிவிட்டது.

மூன்று ஆண்டு வழக்கு

தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குத் தொடர வேண்டுமானால், முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. சுரேந்திரன் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இறந்துபோனவர்கள் பெயரிலும், தேர்தல் நாளன்று வெளிநாட்டில் இருந்தவர்கள் பெயரிலும் கள்ள ஓட்டுப் போடப்பட்டிருக்கிறது. அப்படி 259 ஓட்டுகள் உண்டு. அவற்றைக் கழித்தால் வெற்றி தமக்கே என்பது அவர் வாதம்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வழக்கு முழுவதும் எதன் மேல் நின்றது? வாக்காளர் பட்டியலில் இருந்த பெயர்களின் மேல். மவ்த்தாகியும் நீக்கப்படாத பெயர் ஒரு பக்கம். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்ப் பட்டியலில் உள்ளூர்வாசியாக நிற்கும் பெயர் மறுபக்கம். காசர்கோடு நம் கடற்கரை ஊர்களைப் போலவே வீட்டுக்கு ஒரு சபுராளி உள்ள மாவட்டம். ஆகவே பட்டியலில் பெயரும் ஊரில் ஆளும் ஒத்துப்போகாத வீடுகள் அங்கே ஏராளம்.

பிறகு நடந்தவை வேதனையானவை. இறந்தவர்கள் என்று மனுவில் காட்டப்பட்டவர்களில் சிலர் உயிரோடு இருந்து, நீதிமன்றத்தின் சம்மனைத் தங்கள் கையாலேயே வாங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஒருவர் நீதிமன்றத்துக்கு நிரூபிக்க வேண்டிய நிலை! பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைத் தேதிகள்வரை ஆராய வேண்டிய வழக்கு அது. நூற்றுக்கணக்கானோருக்குச் சம்மன் போக வேண்டும், ஒவ்வொருவரும் வர வேண்டும், விசாரிக்கப்பட வேண்டும். இத்தகைய வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வழக்கோ ஆண்டுக் கணக்கில் நீண்டது.

இதற்கிடையே 2018 அக்டோபர் 20 அன்று அப்துல் ரசாக் மவ்த்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வழக்கமாக ஓர் உறுப்பினர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்கும். ஆனால் வழக்குத் தொடுத்தவர் தம்மையே வெற்றியாளராக அறிவிக்கக் கேட்டிருந்ததால், அது முடியாமல் அந்த இடத்துக்குத் தேர்தல் வைக்க இயலாத நிலை. 2019-இல், சாட்சிகள் அனைவரையும் விசாரித்து முடிப்பது கடினம் என்றான பிறகு, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள சுரேந்திரன் அனுமதி கேட்டார்; நீதிமன்றமும் அனுமதித்தது.

ஆகவே அந்த 259 ஓட்டுகள் பற்றிய குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவும் இல்லை, பொய்யென்று தீர்ப்பளிக்கப்படவும் இல்லை. வென்றவர் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டே உலகைவிட்டுப் போனார். தோற்றவருக்கும் பதில் கிடைக்கவில்லை. தொகுதி மக்களோ ஏறத்தாழ ஓராண்டு சட்டமன்றத்தில் தங்களுக்காகப் பேச ஒருவரும் இல்லாமல் இருந்தார்கள். சாலை, குடிநீர், எண்டோசல்பான் நச்சால் பாதிக்கப்பட்ட எண்மகஜே பகுதி மக்களின் சிகிச்சை என எத்தனையோ காரியங்களுக்கு ஓர் உறுப்பினர் தேவைப்பட்ட ஆண்டு அது.

2019, 2021

இடைத்தேர்தல் 2019 அக்டோபர் 21 அன்று நடந்தது. லீக்கின் எம்.சி. கமருதீன் 65,407 ஓட்டுகளும், பா.ஜ.க.வின் ரவீஷ தந்திரி குண்டார் 57,484 ஓட்டுகளும், மார்க்சிஸ்ட் கட்சியின் சங்கர் ரை 38,233 ஓட்டுகளும் பெற்றார்கள். வித்தியாசம் 7,923. மறு ஆண்டே, தங்க நகை நிறுவனம் ஒன்றில் முதலீடு செய்தவர்களின் புகார்களின் பேரில் கமருதீன் கைதானார். 2021-இல் கட்சி வேறொருவரை நிறுத்தியது.

அந்த 2021 தேர்தலில் ஏ.கே.எம். அஷ்ரஃப் 65,758, கே. சுரேந்திரன் 65,013, மார்க்சிஸ்ட் கட்சியின் வி.வி. ரமேசன் 40,639. வித்தியாசம் 745. அப்போது சுரேந்திரன் தம் கட்சியின் மாநிலத் தலைவராகவும் இருந்தார். ஆக, ஒரே வேட்பாளர் ஒரே தொகுதியில் 89 ஓட்டிலும் 745 ஓட்டிலும் இரண்டு முறை தோற்றிருக்கிறார். எதிரணியினர் அதே இரண்டு எண்களில் இரண்டு முறை தப்பித்திருக்கிறார்கள்.

இது எங்கோ ஒரு மூலையில் நடந்த அதிசயமல்ல

நம் தமிழ்நாட்டிலேயே 2016-இல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் தாண்டி உச்சநீதிமன்றம்வரை போனது. 2021-இல் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. அதே 2021-இல் கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் லீக் வேட்பாளர் 38 ஓட்டில் வென்றார். அங்கே 348 தபால் ஓட்டுகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டன என்று வழக்கு நடந்து, 2024-இல்தான் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இவற்றிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. நாம் தேர்தலைப் பிரச்சாரம், பொதுக்கூட்டம், ஓட்டு எண்ணும் நாள் என்று நினைக்கிறோம். உண்மையில் பல தொகுதிகளில் தேர்தல் அதற்கு மாதங்களுக்கு முன்பே, வாக்காளர் பட்டியல் தயாராகும் மேசையில் பாதி முடிந்துவிடுகிறது. அங்கே இருக்க வேண்டிய பெயர் இல்லாவிட்டாலும் அநியாயம். இருக்கக் கூடாத பெயர் இருந்தாலும் அநியாயம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஓட்டு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். இந்தப் பொறுப்புக்கு இவர் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சி அது. சாட்சியத்தை மறைப்பதைக் குர்ஆன் பாவமென்று எச்சரிக்கிறது. பொய்ச் சாட்சி சொல்வதை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களில் ஒன்றாக எண்ணினார்கள். ஆகவே தகுதியிருந்தும் பெயர் சேர்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் சரியல்ல. வேறொருவர் பெயரில் போய் விரலில் மை வைத்துக்கொள்வதும் சரியல்ல. "நம் ஆள் ஜெயிக்கத்தானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. அப்படி ஒருவர் செய்யும் ஒரு கள்ள ஓட்டு, நேர்மையாக வரிசையில் நின்ற ஓர் ஊரின் மேலேயே பழியைக் கொண்டுவந்து போடுகிறது. குற்றம் நிரூபணமாகாமலேயே மூன்று ஆண்டுகள் மஞ்சேஸ்வரம் இந்தச் சந்தேகத்தைச் சுமந்தது. உண்மையிலேயே அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டப்படியும் ஆள்மாறாட்ட ஓட்டுக்கு ஓராண்டுவரை சிறை உண்டு. பட்டியலுக்காகப் பொய்யான உறுதிமொழி தருவதற்கும் அதே அளவு தண்டனை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. இறந்தவர் பெயரை நீக்குதல். நம் ஜமாஅத்தின் மவ்த்துப் பதிவேட்டில் ஒவ்வொரு ஜனாஸாவும் தேதியோடு எழுதப்படுகிறது. அதே வாரத்தில் அக்குடும்பத்தாரிடம் நினைவூட்டி, இறப்புச் சான்றிதழின் நகலோடு படிவம் 7-ஐ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பி.எல்.ஓ.) கொடுக்கச் செய்யலாம். கபரஸ்தானில் அடக்கம் செய்துவிட்டு பட்டியலில் உயிரோடு விட்டுவைப்பது மர்ஹூமுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

2. வெளிநாட்டில் உள்ளவர்கள். 2011 முதல், வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவரை, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குப் படிவம் 6ஏ. ஓட்டுப் போடும் நாளில் ஊரில் இருந்தால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி நேரில் போடலாம். இப்படிப் பதிவு செய்தவர்கள் இந்தியாவிலேயே கேரளத்தில்தான் அதிகம். இதனால் பெயரும் பறிபோகாது. ஊரில் இல்லாதவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போட்டார் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

3. புதிய வாக்காளர். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதற்குள் 18 வயது நிறைந்தாலும் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி மனுக் கொடுத்து வைக்கலாம். படிவம் 6 போதும். நம் பெண்பிள்ளைகளின் பெயர்களைச் சேர்ப்பதில்தான் அதிகம் தாமதம் காண்கிறோம். "நிக்காஹ் முடிந்து போகிற வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட வேண்டாம்.

4. முகவரி மாற்றமும் பிழை திருத்தமும். நிக்காஹ் ஆகி வேறு ஊர் போனவர்கள், வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பது சட்ட விரோதம். நம் பெயர்களில் எழுத்துப் பிழை மிகுதி. முஹம்மது என்பது ஒரு ஆவணத்தில் ஒரு விதமாகவும் வேறொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். சரிபார்ப்பின்போது இந்தச் சின்னப் பிழையே பெயர் நீக்கத்துக்குக் காரணமாகிவிடலாம். இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

5. முதியோரும் நோயாளிகளும். 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனமுள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் இப்படிவம் போய்ச் சேர வேண்டும். ஓட்டை உறையிலிட்டு ஒட்டும்போது உறுதிமொழித் தாளில் கையொப்பம், எண் எல்லாம் சரியாக உள்ளதா என்று அருகிலிருக்கும் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிந்தல்மண்ணா வழக்கு இதைத்தான் நமக்குக் கற்றுத் தருகிறது.

6. சாவடியில் தகராறு வந்தால். உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டுவிட்டிருந்தால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் உங்கள் அடையாளத்தை நிரூபித்து, விதி 49பி-யின்படி வாக்குச்சீட்டுக் கேட்டுப் பெறலாம். 'டெண்டர் ஓட்டு' என்று சொல்வது இதைத்தான். அது இயந்திரத்தில் சேராது. சாதாரண எண்ணிக்கையிலும் வராது. ஆனால் வழக்கு என்று வரும்போது நீதிமன்றத்தின் முன் நிற்கும் சான்று அதுவே. அதேபோல், வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் அல்ல என்று சந்தேகப்படும் முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். கூச்சலைவிடச் சட்டம் தந்த இந்த வழி பலன் தரும்.

சந்தேகங்களுக்கு 1950 என்ற எண்ணில் தேர்தல் துறையின் உதவி மையத்தை அழைக்கலாம். படிவம் நிரப்புவதில் உதவி தேவைப்படுவோர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஆதார் அட்டை, பழைய வாக்காளர் அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றோடு வரலாம். எம்மதத்தவராயினும் வரலாம், உதவிக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தப் பட்டியல் வெளியானதும் ஒரு நகலை வாங்கி, தெருவாரியாக இரண்டு இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் நியமித்து, வீடு வீடாகச் சரிபார்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே கேள்வி: இருப்பவர்கள் எல்லோர் பெயரும் உள்ளதா? இல்லாதவர் பெயர் இருக்கிறதா? உள்ள பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு தெருவுக்கு ஒரு மாலைநேரம் போதும். விடுபட்ட பெயரைச் சேர்க்கக் காட்டும் அக்கறையை, நீக்க வேண்டிய பெயரை நீக்குவதிலும் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஜமாஅத்தின் பட்டியலை யாரும் குறை சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் நின்றாலும் அது நிற்கும்.

மஞ்சேஸ்வரத்தில் அடுத்தடுத்த தேர்தல்களில் யார் வெல்வார்கள், யார் தோற்பார்கள் என்பது அத்தொகுதி மக்களின் கையில் இருக்கிறது. நம் தொகுதியில் வித்தியாசம் ஐம்பதாயிரமாக வருமா, ஐம்பதாக வருமா என்பதை ஓட்டு எண்ணும் நாளுக்கு முன் எவரும் அறிய முடியாது. நம் பெயரும் நம் தெருவாரின் பெயர்களும் பட்டியலில் உள்ளபடி உண்மையாக இருக்கச் செய்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த அமானத்தை ஒழுங்காக நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்